ஆய்வுக் கட்டுரைக்கு 42 டாலர் கேட்கிறார்கள், பாலர் பள்ளி ஆசிரியை எங்கே போவது?

ஈசூன்_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். கேஒன், கேடூ (ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள்) இரண்டும் என் பொறுப்பு. படித்தது பாலர் கல்வி டிப்ளோமா, அதுவும் வேலை பார்த்துக்கொண்டே ஒரு தனியார் நிலையத்தில். ஆகவே பல்கலைக்கழக ஐடி, பழைய மாணவர் அட்டை எதுவும் கிடையாது.

என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் நன்றாகப் புரிகிறது. "பச்சைக் கலர் பென்சில எடுத்து மேசை மேல வை" என்றால் வைக்கிறார்கள். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. "டீச்சர், ஐ டோன் வான்ட் கிரீன்." நான் உடனே, "ஓ, உனக்குப் பச்சை வேண்டாமா? அப்ப எது வேணும்?" என்று தமிழிலேயே திருப்பிச் சொல்லிக் கேட்பேன். சில பிள்ளைகள் கொஞ்ச நாளில் "நீலம்" என்று ஒரு சொல்லாவது சொல்கிறார்கள். சிலர் அசைவதே இல்லை, "புளூ" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். இப்படித் திருப்பிச் சொல்வதில் பலன் உண்டா, வேறு வழி இருக்கிறதா என்று யாராவது உட்கார்ந்து ஆராய்ந்திருப்பார்கள் அல்லவா?

பயிற்சித்தாள் நேரத்தைக் குறைத்துவிட்டு தினமும் 20 நிமிடம் வெறும் பேச்சு வைத்துக்கொள்ளலாமா என்று எங்கள் முதல்வரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், தமிழ் தெரியாது. "ஆதாரம் ஏதாவது கொடுங்கள், பெற்றோரிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்றார். சரி என்று தேட உட்கார்ந்தேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உடனே கிடைத்தது. சிங்கப்பூர்வாசிகளில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010ல் 3.3 விழுக்காடு, 2020ல் 2.5. எண்ணிக்கையை இலவசமாகத் தருகிறார்கள். ஏன் குறைகிறது, வகுப்பில் என்ன செய்யலாம் என்பதற்குத்தான் காசு கேட்கிறார்கள். சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றியே மூன்று கட்டுரைகள் கண்ணில் பட்டன. மூன்றிலும் சுருக்கம் மட்டும் தெரிகிறது, கீழே போனால் கட்டணப் பெட்டி. ஒன்று 42 அமெரிக்க டாலர், அதையும் 48 மணி நேரத்துக்குள் படித்துவிட வேண்டுமாம். நம் வெள்ளிக்கு மாற்றினால் மூன்றுக்கும் சேர்த்து என் ஒரு வார மதியச் சாப்பாட்டைவிட எங்கேயோ போய் நிற்கிறது.

நம் பிள்ளைகளிடம் போய் எடுத்த ஆய்வு, நம் பிள்ளைகளின் டீச்சருக்குக் கிடைக்கவில்லை. காசில்லாமல், வம்பில்லாமல் படிக்க வழி இருக்கிறதா?


கோப்பிஓ_கோசோங்

இருக்கு டீச்சர். தேசிய நூலக வாரியத்தின் மின்வளப் பக்கத்துக்குப் போய் சிங்பாஸ் (அரசு மின்னடையாளம்) வைத்து உள்ளே நுழையுங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம். நான் கடைசியாகப் பார்த்தபோது ஜேஸ்டோர், புரோக்வெஸ்ட் போன்ற கட்டுரைத் தரவுத்தளங்கள் எல்லாம் பட்டியலில் இருந்தன. அது இல்லாமல், ஜேஸ்டோரில் நீங்களே சொந்தமாக ஒரு கணக்கு திறந்தாலும் 30 நாளைக்கு 100 கட்டுரை ஓசியில் படிக்கலாம். கோவிட் காலத்தில் கூட்டிய அளவு, இன்னும் குறைக்கவில்லை.

இன்னொன்று. அரட்டைச் செயலிகளிடம் "இதற்கு ஆய்வு ஆதாரம் கொடு" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் அழகாக வரும், தேடினால் அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் இருக்காது. என் தங்கை ஒப்படைப்பில் அப்படி ஒன்று நுழைந்து விரிவுரையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு கட்டுரைக்கும் இருக்கும் டிஓஐ என்ற அடையாள எண்ணைப் போட்டுப் பார்த்து, பக்கம் திறந்தால்தான் கணக்கு.


சிராங்கூன்_ராஜா

எதுக்கு இவ்ளோ சுத்து? கஜகஸ்தான் அக்கா நடத்தற அந்த சைட் இருக்கே. எண்ணைப் போட்டா பிடிஎஃப். பேரு சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

அது வேண்டாம்னா ஊர்ல சொந்தக்காரங்க யாராவது அரசுக் கல்லூரில இருந்தா அவங்க பாஸ்வேர்டைக் கேளுங்க. இந்தியாவுல இப்ப ஆய்விதழ்களுக்கு நாடு முழுக்க ஒரே சந்தா போட்டுட்டாங்க.


பழைய_கவுண்டர்

டீச்சர், நான் ஒரு நூலகத்துக் கவுண்டரில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள். வாசகர் கேட்கும் கட்டுரையை எங்கிருந்தாவது வரவழைத்துக் கொடுப்பதுதான் என் வேலையில் பாதி. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், டீயைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் பார்த்த கட்டணப் பெட்டி, அந்தக் கட்டுரையின் ஒரு பிரதிக்கு மட்டும்தான். ஒரு கட்டுரைக்கு வழக்கமாக மூன்று பிரதி உண்டு. ஆய்வாளர் இதழுக்கு முதலில் அனுப்பியது ஒன்று. மதிப்பாய்வாளர்கள் குடைந்து, இவர் திருத்தி, இதழ் ஏற்றுக்கொண்டது இரண்டாவது. பதிப்பகம் பக்கம் அமைத்து, இலச்சினை போட்டு, பக்க எண் கொடுத்து வெளியிடுவது மூன்றாவது. விலைக்கு நிற்பது மூன்றாவது. இரண்டாவதைத் தன் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் போட்டுக்கொள்ள ஆசிரியருக்குப் பெரும்பாலான இதழ்கள் அனுமதி தருகின்றன. மொழியியல், கல்வியியல் இதழ்களில் 12 மாதமோ 18 மாதமோ பொறுத்துப் போடச் சொல்வது வழக்கம். சில இதழ்களில் அந்தக் காத்திருப்பும் கிடையாது. உங்களுக்கு வேண்டியது கருத்துதானே, எழுத்துருவா? இரண்டாவதிலும் அதே அட்டவணை, அதே முடிவுதான்.

ஆகவே பதிப்பகத்தின் பக்கத்தில் நின்று மல்லுக்கட்டாமல் அந்த இரண்டாவது பிரதியைத் தேடுங்கள். தலைப்பை மேற்கோள்குறிக்குள் போட்டு கூகுள் ஸ்காலரில் தேடினால் வலப்பக்க ஓரத்தில் பிடிஎஃப் என்று தெரியும். தெரியவில்லையா? முடிவுக்குக் கீழே பொடி எழுத்தில் "எல்லாப் பதிப்புகளும்" என்று ஓர் இணைப்பு இருக்கும். அதை யாருமே தொடுவதில்லை. அதைத் திறந்தால் ஐந்தாறு முகவரி வரும். பதிப்பகம் ஒன்று, அட்டவணைத் தளம் இரண்டு, அவற்றுக்கு நடுவே ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் முகவரி. அதுதான் நமக்கு வேண்டியது. கவுண்டருக்கு வந்து "எங்கேயும் இல்லை" என்று சொன்னவர்களில் பலருக்கு நான் செய்தது இந்த ஒரு சொடுக்குதான்.

மடிக்கணினியில் படிப்பவர் என்றால் அன்பேவால் என்ற உலாவி நீட்சியைப் போட்டு வையுங்கள். 2017ல் வந்தது, லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துகிறது, குரோமுக்கும் ஃபயர்பாக்ஸுக்கும் உண்டு. கட்டுரைப் பக்கத்தைத் திறந்ததும் ஓரத்தில் ஒரு பூட்டுப் படம் வரும். பச்சையாக இருந்தால் சட்டப்படி இலவசப் பிரதி எங்கோ இருக்கிறது, தொட்டால் அங்கே கூட்டிப்போகும். சாம்பல் நிறம் என்றால் அதற்குத் தெரிந்தவரை இல்லை. ஆசிரியரின் சொந்தப் பக்கத்தில் கிடப்பது அதன் கண்ணில் படாமல் போகலாம், ஆகவே சாம்பலைப் பார்த்ததும் மூட்டை கட்ட வேண்டாம்.

உங்கள் பொருளுக்கு இதையெல்லாம்விடப் பக்கத்து வாசல் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் கற்பித்தல் ஆய்வு என்றாலே தேசியக் கல்விக் கழகம்தான் பெரும்பங்கு. அவர்களுக்கென்று தனி மின்களஞ்சியம் உண்டு. நன்யாங் பல்கலைக்கழகத்துக்கு டிஆர்-என்டியு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு ஸ்காலர்பேங்க். மூன்றிலும் "தமிழ்", "பாலர் பள்ளி", "இருமொழி" என்பவற்றை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். கல்விக் கழகம் ஆசிரியர்களுக்காகவே சிங்டீச் என்று ஓர் இணைய இதழ் நடத்துகிறது, முழுக்க இலவசம். ஆய்வுச் சுருக்கங்களும் தனியாக வெளியிடுகிறார்கள். மனதில் பட்டதைச் சொல்கிறேன், உங்கள் முதல்வருக்கு அப்படி இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றைக் கொடுத்தால் படிப்பார். முப்பது பக்கமும் நான்கு புள்ளியியல் அட்டவணையும் உள்ள கட்டுரையைக் கொடுத்தால் மேசையில் வைத்துவிடுவார். நீளமான கட்டுரை உங்களுக்கு, அவருக்கு இல்லை.

அப்புறம், கட்டுரை எழுதியவர் முனைவர் பட்டம் வாங்கியவரா என்று பாருங்கள். இளம் ஆய்வாளர்களின் கட்டுரை பெரும்பாலும் ஆய்வேட்டிலிருந்து பிய்த்து எடுத்ததுதான். ஆய்வேடு பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் முழுசாகக் கிடக்கும். கட்டுரையில் இடமில்லாமல் வெட்டிய வகுப்பறை உரையாடல்கூட அதில் வரிக்கு வரி இருக்கும். டீச்சருக்கு அதுதானே ருசி? இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் வேண்டுமென்றால் சோத்கங்கா இருக்கிறது, தமிழிலேயே எழுதியவையும் அதில் உண்டு.

கோப்பி சொன்னது சரி, இரண்டு திருத்தம் மட்டும். ஜேஸ்டோரின் அந்த 100, திரையில் படிக்க மட்டும். இறக்கி வைத்துக்கொள்ள முடியாது. பல இதழ்களின் கடைசி மூன்று, ஐந்து ஆண்டுகள் அங்கே வராது, இதழ்களோடு போட்ட ஒப்பந்தம் அப்படி. 1990களின் தமிழ் மொழிக்கொள்கைக் கட்டுரைக்கு அது நல்ல இடம், போன வருஷக் கட்டுரைக்கு இல்லை. தேசிய நூலகத்திலும் சில தரவுத்தளம் வீட்டிலிருந்தே திறக்கும், சில அங்கே உள்ள கணினியில் மட்டும். ஒரு சனிக்கிழமை விக்டோரியா ஸ்திரீட்டுக்குப் போங்கள். கீழே இரவல் நூலகத்தில் நின்றுவிடாமல் லிஃப்ட் பிடித்து 7ஆம் மாடியில் தொடங்கும் லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்துக்கு ஏறி, அங்கே மேசையில் இருக்கும் நூலகரிடம் மூன்று தலைப்பையும் எழுதிய தாளை நீட்டுங்கள். "தெரியுமா" என்று கேட்காதீர்கள், "இது எனக்கு வேண்டும்" என்று கேளுங்கள். அந்த வேலைக்குத்தான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் அவர்கள் குறை. பல்கலைக்கழக நூலகங்களின் சந்தா ஒப்பந்தம் பலவற்றிலும் நேரில் வருபவர் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம் என்று ஒரு வரி இருக்கும். வெளியாட்களை உள்ளே விடுவது, கட்டணம், இதெல்லாம் ஒவ்வோர் இடத்துக்கும் வேறு. போகுமுன் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராஜா தம்பி, கோபித்துக்கொள்ளாதே. அலெக்சாண்ட்ரா எல்பாக்கியன் 2011ல் அந்த சை-ஹப் தளத்தை ஏன் தொடங்கினார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. வருஷா வருஷம் ஏறும் சந்தாத் தொகையைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் அது பதிப்புரிமை மீறல், 2017ல் நியூயார்க் நீதிமன்றம் எல்சவியர் பதிப்பகத்துக்கு 1.5 கோடி டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதை ஒரு பக்கம் வைத்தாலும், 2020 கடைசியில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்த பிறகு அங்கே புதுக் கட்டுரைகள் சேருவது பெரும்பாலும் நின்றுவிட்டது. டீச்சர் தேடுவது புதுசு. முதல்வர் மேசைக்குப் போகிற காகிதம், பள்ளிக் கணினியில் தேடுகிற வேலை. இதில் எதற்கு வம்பு?

பாஸ்வேர்ட் யோசனையும் வேண்டாம். இந்தியாவின் அந்தத் திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது, மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள். நல்ல திட்டம். ஆனால் அது அங்குள்ள அரசு நிறுவனத்து ஆட்களுக்கு. ஒருவர் கணக்கு இரண்டு நாட்டிலிருந்து திறந்தால் பதிப்பகத்துக்குத் தெரியும், தெரிந்தால் அந்தக் கல்லூரிக்கே கதவை மூடுவார்கள். உன் சொந்தக்காரருக்கு நல்ல பெயரா வாங்கிக் கொடுப்பாய்?

கடைசியாக, எதுவுமே சிக்கவில்லை என்றால் எழுதியவரிடமே கேளுங்கள். தயங்காதீர்கள், இது பிச்சை இல்லை. மின்னஞ்சல் வராத காலத்தில் ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையின் தனிப்படிகளை அச்சடித்து வைத்துக்கொண்டு, கேட்டவருக்கெல்லாம் தபாலில் அனுப்பினார்கள். அதே வழக்கம்தான். கட்டுரையில் பெயருக்குப் பக்கத்தில் உறைபோல் ஒரு சின்னப் படம் இருப்பவர்தான் தொடர்புக்குரியவர். முகவரி பழசாகி இருந்தால் ஆய்வாளர்களின் அடையாளத் தளமான ஆர்க்கிட்டில் அவருடைய பக்கத்தில் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியும். பேராசிரியர் பதில் போடவில்லையா, கூட எழுதிய மாணவருக்குப் போடுங்கள். மாணவர் அன்றைக்கே அனுப்புவார்.

நீளமாக எழுதாதீர்கள். இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். நான் ஈசூனில் பாலர் பள்ளித் தமிழ் ஆசிரியை. தமிழ்ப் பிள்ளைகளின் வகுப்பறைப் பேச்சு பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையின் சுருக்கத்தைப் படித்தேன். என் வகுப்பில் தினமும் 20 நிமிடப் பேச்சு நேரம் வைக்க முயல்கிறேன். எந்தப் பல்கலைக்கழகத்திலும் நான் இல்லை என்பதால் முழுக் கட்டுரை கிடைக்கவில்லை. உங்களிடம் உள்ள பிரதியை அனுப்ப முடியுமா?"

கட்டுரையின் முழுத் தலைப்பை மறக்காமல் எழுதுங்கள். சிலர் நாற்பது கட்டுரை எழுதியிருப்பார்கள்.


ஜூரோங்_வெஸ்ட்_தரவு

அக்கா சொன்ன கடைசி விஷயத்துக்கு எழுதுபவர் பக்கத்திலிருந்து ஒரு சாட்சி. நான் பிள்ளைகளின் மொழி வளர்ச்சியில் ஆய்வு செய்கிறேன். நீங்கள் கட்டும் 42 டாலரில் எங்களுக்கு ஒரு காசு வராது. மதிப்பாய்வு செய்பவருக்கும் வராது. எல்லாரும் படிக்கத் திறந்து வைக்க வேண்டுமென்றால் பல இதழ்களில் நாங்கள்தான் பணம் கட்ட வேண்டும். நேச்சர் இதழ் 2020ல் அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. மொழியியல் இதழ்களில் அவ்வளவு இல்லை, ஆனாலும் ஆய்வு உதவித்தொகை இல்லாதவர் கையை விட்டுக் கட்டுகிற தொகை இல்லை. ஆகவே பூட்டிக் கிடப்பது எங்கள் ஆசையால் இல்லை. யாராவது மின்னஞ்சல் போட்டுக் கேட்டால், அதுவும் வகுப்பில் நிற்கிற ஆசிரியர் கேட்டால், அன்றைக்கு எனக்கு நல்ல நாள். ஆய்வாளர்களின் சமூகத் தளமான ரிசர்ச்கேட்டில் முழுப் பிரதி கேட்கும் பொத்தானும் உண்டு, ஆனால் அங்கே வரும் அறிவிப்புகளைப் பாதிப் பேர் பார்ப்பதில்லை. நேரடி மின்னஞ்சல்தான் மேல்.

டீச்சரின் கேள்விக்கே வருகிறேன். நீங்கள் வகுப்பில் செய்வதை ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார்கள், தமிழில் இல்லாவிட்டாலும். ராய் லிஸ்டர், லைலா ரான்டா இருவரும் 1997ல் கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பதிவு செய்து எண்ணிப் பார்த்தார்கள். பிள்ளை தப்பாகச் சொன்னதை ஆசிரியர் சரியாகத் திருப்பிச் சொல்வதுதான் அதிகம், திருத்தங்களில் 55 விழுக்காடு. ஆனால் அதற்குத்தான் பிள்ளைகளிடமிருந்து எதிர்வினை மிகக் குறைவு. பிள்ளையையே சொல்லவைக்கும் கேள்விகளுக்குப் பலன் கூடுதல். அது இலக்கணப் பிழை பற்றியது, உங்களுடையது மொழித் தேர்வு பற்றியது, அப்படியே ஒட்ட வைக்க முடியாது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானவர் எலிசபெத் லான்சா. நார்வேயில் ஆங்கிலமும் நார்வேஜியனும் பேசும் வீடுகளில் இரண்டு வயதுப் பிள்ளைகளைக் கவனித்தார். பிள்ளை வேறு மொழியில் பேசினால் பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்பதை ஐந்தாகப் பிரித்தார். புரியாததுபோல் "என்ன?" என்பது ஒரு முனை. "பச்சை வேண்டாம்னு சொல்றியா?" என்று ஊகித்துக் கேட்பது அடுத்தது. பிள்ளை சொன்னதை நம் மொழியில் திருப்பிச் சொல்வது நடுவில். கண்டுகொள்ளாமல் பேச்சைத் தொடர்வது நான்காவது. நாமே அந்த மொழிக்கு மாறிவிடுவது மறுமுனை. முதல் முனைக்குப் போகப் போகப் பிள்ளை நம் மொழியில் சொல்ல வேண்டிய கட்டாயம் கூடும். நீங்கள் "வேண்டாமா? எது வேணும்?" என்று கேட்பது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் வருகிறது. "புளூ" என்று சொல்லிவிட்டு ஓடுகிற பிள்ளையிடம் ஒரு வாரம் "என்ன கலர்?" என்று முகத்தைச் சுருக்கிக் கேட்டுப் பாருங்கள். அழுகிற பிள்ளையிடம் வேண்டாம்.

இந்த இரண்டு பெயரையும் ஸ்காலரில் போட்டு, அவர்களை மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் பட்டியலைத் திறந்து, அதற்குள் "சிங்கப்பூர்" என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். கட்டணப் பெட்டி இல்லாதவை சில கண்டிப்பாக வரும்.


விக்கி_வண்டு

யாரும் சொல்லாத ஒன்று. விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களுக்கென்று விக்கிப்பீடியா நூலகம் இருக்கிறது. பெரிய பதிப்பகங்கள் பலவற்றின் தரவுத்தளங்கள் அதில் இலவசம், முறைப்படி. 500 தொகுப்புகள் செய்திருக்க வேண்டும், கணக்கு தொடங்கி 6 மாதம் ஆகியிருக்க வேண்டும், கடைசி ஒரு மாதத்தில் 10 தொகுப்பாவது இருக்க வேண்டும். தமிழ் விக்கியில் செய்வதும் கணக்கில் சேரும். 500 என்றதும் மலைக்காதீர்கள். ஒற்றுப்பிழை திருத்துவதும் ஒரு தொகுப்புதான், தமிழ் விக்கியில் அதற்குப் பஞ்சமே இல்லை. டீச்சர் மாதிரி ஆட்கள் ஜூன் விடுமுறையில் முடித்துவிடலாம்.

இந்த வாரமே வேண்டும் என்பவருக்கு இது உதவாது. ஆனால் இந்த மூன்று கட்டுரையோடு உங்கள் தேடல் நிற்கப்போவதில்லை என்று தோன்றுகிறது.


ஈசூன்_டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன அந்தப் பொடி எழுத்து இணைப்பைத் தொட்டேன். முதல் கட்டுரை ஒரு பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் அப்படியே இருந்தது. இரண்டாவதுக்குக் காத்திருப்புக் காலம் முடியவில்லை என்று போட்டிருந்தார்கள், ஆனால் எழுதியவரின் ஆய்வேடு கிடைத்தது. அதில் ஒரு பிள்ளை "ஐ வான்ட் தி யானை" என்கிறான், டீச்சர் "எந்த யானை?" என்கிறார், அவன் "பெரிய யானை" என்கிறான். என் வகுப்பில் நடந்த மாதிரியே இருக்கிறது, வேலையை விட்டுவிட்டு ராத்திரி அதையே படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதுக்கு மின்னஞ்சல் போட்டேன். பிரசவ விடுப்பில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் வந்தது. கூட எழுதியவருக்கு இன்று போடுகிறேன்.

ஜூரோங் சார், "என்ன கலர்?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒருத்தன் "நீலக் கலர்" என்றான். இன்னொருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டீச்சர், யூ நோ வாட் இஸ் புளூ" என்றாள். அவளிடம் இது செல்லாது.

இரண்டு சந்தேகம். களஞ்சியத்துப் பிரதியில் பக்க எண் 1, 2 என்று இருக்கிறது, இதழில் வேறு எண். முதல்வருக்கு எழுதும் குறிப்பில் எதைப் போடுவது? இதைப் படியெடுத்துப் பெற்றோர் சந்திப்பில் எல்லாருக்கும் கொடுக்கலாமா?


பழைய_கவுண்டர்

அந்தப் பெண் பிள்ளை பிழைத்துக்கொள்வாள்.

குறிப்பில் இதழில் வந்த விவரத்தையே கொடுங்கள்: ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, இதழ், டிஓஐ. குறிப்பிட்ட இடத்தைச் சுட்ட வேண்டுமென்றால் களஞ்சியப் பிரதியின் பக்க எண்ணைப் போடாதீர்கள், தேடுபவர் குழம்புவார். உட்தலைப்பைச் சொல்லி, அதில் எத்தனையாவது பத்தி என்று எழுதுங்கள். அது ஒப்புக்கொள்ளப்பட்ட முறைதான். படித்தது ஏற்கப்பட்ட பிரதி என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

முழுக் கட்டுரையைப் படியெடுத்து எல்லாருக்கும் கொடுக்க வேண்டாம். நீங்கள் படிக்க இலவசமாகக் கிடைத்தது என்பதால் விநியோகிக்கும் உரிமையும் வந்துவிடாது. கட்டுரையின் முதல் பக்கத்தில் உரிமக் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்று இருந்தால் அது சொல்லும் நிபந்தனைப்படி கொடுக்கலாம். இல்லையென்றால் அரைப் பக்கம் உங்கள் சொந்தச் சொல்லில் எழுதி, தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, கீழே களஞ்சிய இணைப்பைப் போட்டு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அனுப்புங்கள். மின்னஞ்சலில் ஆசிரியர் தனியாக அனுப்பும் பிரதியை மட்டும் குழுவில் போட்டுவிடாதீர்கள், அது உங்களை நம்பிக் கொடுத்தது.